வானா, ரோசாவா, பெரிய பஸ்ஸா? கொழும்பிலிருந்து கூட்டமாக ட்ரிப் போகிறவர்களுக்கு

பாடசாலை விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, நாங்கள் இருபத்தெட்டுப் பேர். ரெண்டு வான் பிடிக்கிறதா, ஒரு ரோசா பிடிக்கிறதா?" ரோசா என்றால் வானுக்கும் பெரிய பஸ்ஸுக்கும் இடைப்பட்ட சின்ன பஸ். வெள்ளவத்தையில் எங்கள் பண்ணிசை வகுப்புக்கும் நான் இருக்கும் தொடர்மாடிக்கும் வருடாவருடம் பயணம் ஒழுங்கு செய்பவள் நான். அதனால் அயலில் உள்ளவர்களுக்கு இதற்கான விடை என் கைப்பையில் இருக்கிறதென்று ஒரு நினைப்பு.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "போகிற இடத்தில் வண்டி எதுவரைக்கும் போகும்?" பாதிப் பேருக்குத் தெரியாது. தலையை எண்ணி வண்டி பிடித்து, கடைசி அரைக் கிலோமீற்றரில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்தி. ஆகவே தலைக்கணக்கை மூன்றாவதாகத்தான் வைத்திருக்கிறேன்.

## வண்டியைப் பார்க்குமுன் பார்க்க வேண்டியவை

வண்டி நிற்கும் இடம். இரண்டு முனையும் முக்கியம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பெரிய பஸ் திரும்பாது. கொட்டாஞ்சேனை உள்வீதிகளிலும் அதே கதை. காலை 5 மணிக்குக் காலி வீதி ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தி ஆள் ஏற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இரவு 8 மணிக்கு அதே இடத்தில் அடுக்குச் சட்டிகளோடு நாற்பது பேரை இறக்கிப் பாருங்கள். பின்னால் ஹோர்ன், முன்னால் பொலிஸ்காரரின் விசில், நடுவில் யாரோ ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

போய்ச் சேரும் முனையில், முன்னேஸ்வரம், மடு, தலவில, கதிர்காமம் போன்ற யாத்திரைத் தலங்களுக்குப் பெரிய பஸ் தாராளமாகப் போகும். நுவரெலியாப் பக்கம் சீதை அம்மன் கோவில் பிரதான வீதியிலேயே இருக்கிறது. ஆனால் றம்பொடை ஆஞ்சநேயர் கோவில் மேட்டில். யாரோ ஒருவரின் மாமாவின் தோட்ட பங்களாவுக்குப் போகும் பாதை எப்படியென்று மாமாவிடம்தான் கேட்க வேண்டும்.

வருகிறவர்களின் முழங்கால். எழுபது வயதுக்கு மேல் எத்தனை பேர்? கைக்குழந்தைகள் எத்தனை? வளைவுப் பாதையில் வாந்தி எடுப்பவர்கள் யார்? இருபத்தைந்து இளைஞர்களுக்குப் பிடிக்கும் வண்டி வேறு, இருபத்தைந்து அம்மம்மாக்களுக்குப் பிடிக்கும் வண்டி வேறு.

தலைக்கணக்கு. "வருகிறோம்" என்றவர்களை எண்ணாதீர்கள், காசு தந்தவர்களை எண்ணுங்கள். ஒருமுறை நான் காசு வாங்காமல் 48 பெயர் எழுதி 54 சீட் பஸ் பிடித்தேன். அன்று காலை வந்தவர்கள் 31. மிச்சச் சீட்டுகளில் பாய்களும் சோற்றுப் பார்சல்களும் சொகுசாக வந்தன, செலவை 31 பேர் பிரித்துக் கட்டினோம். இதற்கு எதிரான தவறும் உண்டு. "சின்னவனை மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தாயை நம்ப வேண்டாம். நீர்கொழும்பு தாண்டுவதற்குள் சின்னவனுக்கு ஜன்னல் சீட் வேண்டும்.

முழுச் செலவு, சாரதி, பத்திரங்கள். இவை எந்த வண்டிக்கும் பொதுவானவை என்பதால் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை:

| | ஒரு வான் | இரண்டு வான் | ரோசா, கோஸ்டர் | பெரிய பஸ் |
|---|---|---|---|---|
| வசதியாக இருக்கக்கூடியவர்கள் | 10–11 | 20–22 | 20–25 | 35–50 |
| ஒழுங்கைக்குள் | வரும் | வரும் | ஒழுங்கையைப் பொறுத்தது | வராது |
| மலைப்பாதை | நல்லது | நல்லது | பரவாயில்லை, மெதுவாக | பிரதான வீதி மட்டும் |
| உள்ளே எழுந்து நடக்க | முடியாது | முடியாது | குனிந்து, மடக்குச் சீட்டைத் தாண்டி | முடியும் |
| பாட்டும் கூத்தும் | அளவாக | இரண்டாகப் பிரியும் | நன்றாக | திருவிழா |
| நடுவழியில் பழுதானால் | எல்லோரும் றோட்டில் | பாதிப் பேர் றோட்டில் | எல்லோரும் றோட்டில் | எல்லோரும் றோட்டில் |

## ஒரு வான்

இப்போது ஹயருக்கு ஓடுவதில் பெரும்பாலானவை கேடிஎச் என்று எல்லோரும் சொல்லும் டொயோட்டா ஹையேஸ். பழைய டொல்பின் வான்களும் இன்னும் ஓடுகின்றன. விலை குறையும், கடைசி வரிசையில் வியர்வை கூடும். வான் பேசும்போது "ஏசி இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், இருக்கிறதென்றுதான் சொல்வார்கள். "டூவல் ஏசியா?" என்று கேளுங்கள். முன்பக்க ஏசி மட்டும் என்றால், சாரதி குளிரில் கைச்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் இருப்பவர்கள் பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டிருப்பார்கள்.

"பதினாலு சீட்" என்பதும் அப்படித்தான். நடைவழியில் மடக்கி விரிக்கும் சீட்டுகளையும் சேர்த்துத்தான் பதினாலு. அவற்றில் கைபிடி இல்லை, முதுகுச் சாய்வு அரைகுறை. அரை மணி நேரத்துக்குச் சரி, கண்டிவரை சரிவராது. பதினாலு பேர் ஏறினால் பைகளுக்கு இடமில்லை. அதனால் என் கணக்கில் ஒரு வானுக்குப் பத்துப் பேர், நெருங்கின சொந்தம் என்றால் பதினொன்று.

ஒரு குடும்பமும் அதன் கிளைகளும் போவதற்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒழுங்கைக்குள் வந்து வாசலில் ஏற்றும். நினைத்த இடத்தில் தம்பிலிக்கு நிறுத்தலாம். ஹோட்டன் சமவெளி, கித்துல்கல உள்ளோடைகள், தோட்டப் பாதைகள் என்று போகிறவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

பத்துப் பேருக்கும் குறைந்த இளைஞர் கூட்டம் பெந்தோட்டைப் பக்கம் கடல் குளிக்கப் போவதென்றால் வானும் வேண்டாம். வெள்ளவத்தை ஸ்டேஷனில் கரையோர ரயில் ஏறுங்கள், மிச்சக் காசுக்கு இறால் சாப்பிடலாம்.

## இரண்டு வான்

கேட்பவர்களில் பலர் இதில்தான் வந்து நிற்கிறார்கள். தாளில் கணக்குப் பார்த்தால் ரோசாவுக்கு அருகில்தான் வரும், சில சமயம் குறைவாகவும் இருக்கும். ஆனால் எல்லாம் இரட்டை என்பதை மறந்துவிடுவார்கள். இரண்டு சாரதிப் பட்டா (நாட்படிக் காசு), இரண்டு சாப்பாடு, இரண்டு பார்க்கிங், இரண்டு அதிவேக வீதி டிக்கெட்.

காசைவிடப் பெரிய தலையிடி, இரண்டு வான் ஒன்றாக ஓடாது. ஒரு சாரதி காற்றாகப் பறப்பார், மற்றவர் தேர் இழுப்பார். முன்னேஸ்வரம் போன ஒரு பயணத்தில் சோற்றுப் பார்சல் எல்லாம் முதல் வானில், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இரண்டாவதில். முதல் வான் சிலாபம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது மாரவிலையில் தேநீர்க் கடையில் நிற்கிறது. அங்கே இருந்தவர்கள் பசியோடு தண்ணீர் குடித்தார்கள், இங்கே நாங்கள் விக்கிக்கொண்டே புளிச்சாதம் சாப்பிட்டோம்.

அப்படியும் சில நேரங்களில் இரண்டு வான்தான் சரி. பாதிப் பேர் வெள்ளவத்தையிலும் பாதிப் பேர் வத்தளையிலும் இருந்தால், ஒரே வண்டி எல்லோரையும் பொறுக்கி எடுக்கக் காலை நேரம் முழுதும் போய்விடும். வத்தளைக்காரரை ஏற்றப் போனால் களனிப் பாலத்தடியிலேயே கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறவும் முடியாது. மலைநாட்டில் உள்பாதை என்றாலும் இரண்டு வான். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் அதிகம் என்றாலும், ஒரு வானை மூன்று மணிக்கே திருப்பி அனுப்பலாம், இளசுகள் சூரியன் மறையும்வரை நின்று வரலாம். எங்கள் தொடர்மாடியில் இந்த ஒழுங்குக்கு நல்ல பெயர்.

## ரோசா, கோஸ்டர்

இருபது முதல் இருபத்தைந்து பேர் என்றால், பிரதான வீதியில் உள்ள எந்த இடத்துக்கும் நான் முதலில் தேடுவது இதைத்தான். மிற்சுபிஷி ரோசா, டொயோட்டா கோஸ்டர் இரண்டையும் கொழும்பில் பொதுவாக ரோசா என்றே சொல்லிவிடுவார்கள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சாரதி, ஒரே பில். கடுகண்ணாவையை மெதுவாக ஏறினாலும் ஏறிவிடும். சற்று அகலமான ஒழுங்கை என்றால் உள்ளேயும் வரும்.

குறை எங்கே என்றால், இருபத்தெட்டு, இருபத்தொன்பது சீட் என்று சொல்வதில்தான். இதிலும் நடைவழி நெடுக மடக்குச் சீட்டுகள். எல்லாச் சீட்டும் நிறைந்துவிட்டால் நடைவழி என்று ஒன்று இருக்காது. எங்கள் வகுப்பு ஆச்சி ஒருவர் கடைசி வரிசையில் ஜன்னலோரம் ஆசைப்பட்டு இருந்தார். குருநாகல் வருமுன் அவருக்குக் கழிவறை போக வேண்டும். அவர் இறங்குவதற்கு ஐந்து பேர் வரிசையாக எழுந்து, சீட்டை மடக்கி, ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து வழிவிட வேண்டியிருந்தது. ஏறும்போது அதே ஐந்து பேர், அதே கூத்து. ஆச்சி அதற்குப் பிறகு அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. அதிலிருந்து முழங்கால் வலிக்காரர் எல்லோருக்கும் கதவுக்குப் பக்கத்து வரிசைதான், ஜன்னல் ஆசை அடுத்த பிறவியில்.

இன்னொன்று வண்டியின் வயது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் இருந்த வண்டிகளையே பூசி மெழுகி ஓட்டினார்கள். வெளியே புதுப் பெயின்ற், உள்ளே ஏசிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக யாருடையதோ காஞ்சிபுரத்தின் மேல். படம் அனுப்பச் சொன்னால் நல்ல நாளில் எடுத்த படம்தான் வரும். முடிந்தால் முதல் நாள் யாராவது போய் ஏசியைப் போட்டு, பத்து நிமிடம் உள்ளே இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

## பெரிய பஸ்

முப்பத்தைந்து பேருக்கு மேல் என்றால் இதுதான். ஆள் நிறைந்தால் தலைக்கு விழும் செலவு மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. நிறையாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் 31 பேர் கதையில் பார்த்தீர்கள்.

இதில் மூன்று வகை. சுற்றுலாவுக்கென்றே ஓடும் ஏசி பஸ்: சாய்வுச் சீட், கீழே பைகளுக்கு அறை, ஒலிபெருக்கி. இரண்டாவது, வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸை ஒரு நாளைக்குப் பேசுவது. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று 54 சீட். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போதும், இடுப்பகலமான பெரியவர்கள் மூவர் ஒரு சீட்டில் மூன்று மணி நேரம் இருக்க முடியாது. மூன்றாவது இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ். டிப்போவில் நேரே போய்ப் பேசலாம். ஏசியை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சாரதியும் வண்டியும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் வருவதால், காலையில் "வேற வண்டி அனுப்புறேன் மிஸ்" என்ற குறுஞ்செய்தி வருவது அபூர்வம். கோவில் யாத்திரைக்கு, செலவைக் குறைக்கப் பார்க்கும் சங்கங்களுக்கு, இது நல்ல தெரிவு. ஏனோ நம்மவர்களுக்கு இது ஞாபகமே வருவதில்லை.

மலைநாட்டுக்குப் பெரிய பஸ் என்றால் நான் தயங்குவேன். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயாவில் ரதல்ல குறுக்கு வீதி இறக்கத்தில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலா பஸ் ஒரு வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர். இரண்டும் நம்மைப் போல ஒரு கூட்டம் சந்தோஷமாகக் கிளம்பிய பயணங்கள். நாற்பது பேர் நுவரெலியா போகத்தான் வேண்டும் என்றால், குறுக்கு வழி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இருட்டுமுன் மலையிறங்கும் விதமாக நேரத்தை வையுங்கள். பிள்ளைகள் படகுச் சவாரி இன்னொரு சுற்றுக் கேட்டு அழுதாலும் பரவாயில்லை.

## பில்லில் பிறகு முளைப்பவை

விலையை அநேகமாக இரண்டு விதத்தில் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றருக்கு இவ்வளவு, மேலதிகக் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பது ஒன்று. மொத்தமாக ஒரு தொகை என்பது மற்றது. முதலாவது கேட்க மலிவாக இருக்கும். கொழும்பிலிருந்து முன்னேஸ்வரம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர், போக வர 160. அப்படியென்றால் 60 மேலதிகம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒருமுறை நானும் அப்படியே கணக்குப் போட்டு, இரவு வாசலில் நின்று மீற்றரைப் பார்த்தேன்.

"தம்பி, இது இருபத்தைந்து கூடக் காட்டுதே?"

"கராஜிலயிருந்து கராஜுக்குத்தான் அக்கா கணக்கு. நான் பிலியந்தலையிலயிருந்து வந்தனான்தானே, இனித் திரும்பியும் போகோணும்."

அவர் சொன்னதில் பிழையில்லை, கேட்காதது என் பிழை. அதற்குப் பிறகு வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. தெஹிவளையில் நிற்கும் வண்டி, விலை சற்றுக் கூடினாலும், கடுவளையில் நிற்கும் மலிவு வண்டியைவிடக் கடைசியில் லாபமாக முடியலாம்.

நேரமும் மீற்றர் போலத்தான். பத்து அல்லது பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் மேலதிகம் கேட்பவர்கள் உண்டு. நம்மவர்கள் 5 மணி என்றால் ஆறே காலுக்குத்தான் வண்டி கிளம்பும், அந்த ஒன்றே கால் மணித்தியாலமும் உங்கள் கணக்கில். அதிவேக வீதிக் கட்டணம் வண்டியின் அளவுக்கேற்ப ஏறும். அதை யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசுங்கள். போயா விடுமுறை, ஏப்ரல், டிசம்பர், ஆகஸ்டில் மடுத் திருவிழா நாட்கள் என்றால் விலையும் ஏறும், வண்டியும் கிடைக்காது. ஒரு மாதத்துக்கு முன் அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கே அரை உத்தரவாதம்தான். அப்புறம் வாந்தி. சீட்டைக் கழுவத் தனியாகக் காசு கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஷொப்பிங் பேக்கும் தேசிக்காயும் கையோடு இருக்கட்டும்.

## சாரதியும் பத்திரங்களும்

கொழும்பில் கிழமை நாட்களில் பாடசாலைச் சேவையும் அலுவலகச் சேவையும் ஓடும் வான்கள்தான் விடுமுறையில் ஹயருக்கு வருகின்றன. அதில் தப்பில்லை. ஆனால் முதல் நாள் இரவு அந்தச் சாரதி விமான நிலைய ஓட்டம் ஒன்று முடித்துவிட்டு உங்கள் வாசலுக்கு வருகிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீங்கள்?" என்று நான் நேரடியாகவே கேட்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

காப்புறுதி ஹயருக்கு உரியதா, தனிப்பட்ட பாவனைக்கு உரியதா என்று பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதியுடன் வாடகைக்கு ஓடி விபத்து நடந்தால், நட்டஈடு கிடைப்பது சிக்கல். தெரிந்தவரின் வெள்ளை வான் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழித்தட பஸ் என்றால் அந்தப் பயணத்துக்கெனத் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வழியில் பொலிஸ் மறித்தால் மணிக்கணக்கில் மர நிழலில் நிற்பது நீங்கள்தான். டயரைப் பார்க்க நிபுணத்துவம் தேவையில்லை, மொட்டையா இல்லையா என்பது யாருக்கும் தெரியும்.

## என்னிடம் கேட்டால்

பத்துப் பேருக்கு ஒரு வான். பதினைந்து பேர் என்பது சங்கடமான எண்ணிக்கை. இன்னும் ஐந்து பேரைச் சேர்த்து ரோசா பிடிப்பேன், மலையில் உள்பாதை என்றால் மட்டும் இரண்டு வான். ஆரம்பத்தில் சொன்ன அந்த இருபத்தெட்டுப் பேர் கதிர்காமம் போகிறார்களாம், அதில் ஒன்பது பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவ்வளவு தூரத்துக்கு மடக்குச் சீட்டு வேண்டாம், நாற்பது பேர் சேர்த்துக்கொண்டு பெரிய பஸ்ஸில் போங்கள் என்றேன். கோவில் பயணம் என்றால் ஆள் சேர்வது கஷ்டமில்லை, மூன்று நாளில் 43 பேர் காசு கட்டிவிட்டார்கள்.

எந்த வண்டியானாலும், வாயால் பேசியதை முதல் நாளே வண்டிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவேன். முன்னேஸ்வரத்துக்கு நான் கடைசியாக அனுப்பியது இது, வேண்டுமானால் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"தம்பி, ஞாயிறு காலை 5.00 மணி, வெள்ளவத்தை, ஒழுங்கை முனை. 24 பேர். முன்னேஸ்வரம், மாலை நீர்கொழும்புக் கடற்கரை, இரவு 8.00 மணிக்குத் திரும்ப. பேசிய தொகையில் டீசல், பட்டா, கராஜ் ஓட்டம் எல்லாம் அடக்கம். அதிவேக வீதியும் பார்க்கிங்கும் நாங்கள். உங்களுக்கும் மூன்று நேரச் சாப்பாடு எங்களோடு. காட்டிய அதே வண்டிதான் வர வேண்டும். மாறுவதென்றால் சனி மதியத்துக்கு முன் சொல்லுங்கோ. சனி இரவு வேற ஹயர் எடுக்காதீங்கோ. சரியென்றால் ஓகே போடுங்கோ."